தலை சுற்றும் நாட்கள்

இந்தப் பக்கத்தைத் திறக்கும்போதே தலை சுற்றிக்கொண்டிருந்தால், வாசிப்பதை விட்டுவிட்டு முதலில் படுங்கள். கட்டிலைத் தேடி நடக்க வேண்டாம். நிற்கிற இடம் குசினித் தரையாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கேயே மல்லாந்து படுத்து இரண்டு காலையும் ஒரு கதிரை மேல் தூக்கிப் போடுங்கள். வகுப்பறை, கடை, பஸ் தரிப்பிடம் என்று படுக்க முடியாத இடமாக இருந்தால் குந்தி உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கு நடுவே தாழ்த்துங்கள். குந்தவும் வழியில்லாமல் கண்டி பஸ்ஸின் நெரிசலில் நிற்கிறீர்களா? கால்களைக் குறுக்காகப் பின்னி, தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். இரண்டு கை விரல்களையும் கொளுவி எதிரெதிர்ப் பக்கமாக இழுங்கள். சதை இறுகினால் காலில் தேங்கி நிற்கும் இரத்தம் மேலே ஏறும். விழுவதற்கு முன் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவரிடம் இருக்கை கேட்க அது போதும். வெட்கப்படாமல் கேளுங்கள்.

சுற்று அடங்கியதும் சட்டென்று எழும்பாதீர்கள். முதலில் ஒருக்களித்துப் படுங்கள், பிறகு உட்காருங்கள், ஒரு நிமிடம் கழித்து எதையாவது பிடித்துக்கொண்டு எழும்புங்கள். ஒரு குவளை தண்ணீர் குடியுங்கள். அதற்குப் பிறகு மிச்சத்தை வாசிக்கலாம்.

கலகெதரவிலும் மடிகே பக்கத்து ஊர்களிலும் ஒரு பிள்ளை “தலை சுத்துது உம்மா” என்று சொன்னால் வருகிற பதில் அநேகமாக இதுதான்: “அது பொம்புளப் புள்ளைகளுக்கு ஈக்கிறதானே, கொஞ்சம் படு, சரியாப் போகும்.” படுக்கச் சொன்னது சரி. “ஈக்கிறதானே” என்பதைத்தான் இந்த அத்தியாயம் ஒப்புக்கொள்ளவில்லை. மாதவிடாய் மாதாமாதம் வருவது இயல்பு, மாதாமாதம் மயங்கி விழுவது இயல்பல்ல. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் பெரும்பாலும் கண்டுபிடிக்கக்கூடியது, பாதிக்கு மேல் குசினியிலும் பக்கத்து கிளினிக்கிலுமே சரிசெய்யக்கூடியது. காரணத்தைக் காட்டிக்கொடுப்பது, தலை சுற்று எந்த நாளில் வருகிறது என்பது.

ஆகவே முதல் வேலை நாட்காட்டி. உதிரம் தொடங்கிய நாளுக்கு ஒரு வட்டம், நின்ற நாளுக்கு ஒரு வட்டம், தலை சுற்றிய நாளுக்கு ஒரு புள்ளி. வீட்டு ஆண்கள் எல்லாரும் பார்க்கிற சுவர் நாட்காட்டியில் குறிக்கக் கூச்சமாக இருந்தால் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் குறியுங்கள், இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்: கண் இருட்டி, காது அடைத்து, குளிர வியர்த்து, விழப்போவதாக இருந்ததா? வீடே சுழன்றதா? சுழலவில்லை, ஆனால் நடை தள்ளாடித் தலை கனத்ததா? எவ்வளவு நேரம்? என்ன செய்துகொண்டிருந்தபோது? இரண்டு மூன்று மாதக் குறிப்பு கையில் இருந்தால் டொக்டரின் வேலை பாதி முடிந்துவிடும். ஓபீடியில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கிற சில நிமிடங்களில் இதையெல்லாம் நினைவிலிருந்து சொல்ல யாராலும் முடியாது.

வருவதற்கு முந்திய நாட்கள்

புள்ளிகள் வட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் விழுந்து, உதிரம் தொடங்கி ஓரிரு நாளில் மறைகின்றனவா? அப்படியானால் ஹோர்மோன் இறக்கம்தான் முதல் சந்தேகம். மாதவிடாய் நெருங்கும்போது ஈஸ்ட்ரஜன் சடுதியாகக் குறைகிறது. ஒற்றைத் தலைவலிக்கு இடம் கொடுக்கிற மூளை உள்ளவர்களுக்கு அந்த இறக்கம் போதும். அது எப்போதும் தலைவலியாகத்தான் வரும் என்றில்லை. சிலருக்கு வலி லேசாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அறை சுழலும், வெளிச்சம் கூசும், பக்கத்து வீட்டு வானொலி காதைக் குடையும், வாந்தி வரும். காதின் சமநிலை உறுப்பையும் ஒற்றைத் தலைவலியையும் சேர்த்துப் பார்க்கும் இந்த வகைக்கு 2012இல்தான் சர்வதேச வல்லுநர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து அளவுகோல் வகுத்தன. அதன்படி ஒரு தாக்கு 5 நிமிடத்திலிருந்து 72 மணித்தியாலம் வரை நீடிக்கலாம். நம்மூரில் இதைப் பித்தம் என்று சொல்லித் தேசிக்காய் மணக்கக் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

இந்த வகைக்காரர்களுக்குக் கண்டி–குருணாகல் வீதி ஒரு சோதனை. மாவத்தகமப் பக்கமிருந்து கலகெதரவுக்கு ஏறுகிற வளைவுகளில் பின் இருக்கையில் உட்கார்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வந்தால், மற்ற நாட்களில் ஒன்றும் ஆகாதவருக்கும் அந்த இரண்டு நாட்களில் சுழற்றும். முன் இருக்கையில் உட்காருங்கள், தூரத்து மலையைப் பாருங்கள், யன்னலைத் திறந்து வையுங்கள். பஸ் ஏறும்போது வயிறு வெறுமையாகவும் இருக்கக் கூடாது, முட்டவும் கூடாது. தூக்கம் கெடுவதும் ஒரு வேளைச் சாப்பாடு தவறுவதும் ஒற்றைத் தலைவலியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். கலியாண வீட்டுச் சமையலுக்கு இரவு முழுக்க விழிப்பதை, நாட்காட்டியைப் பார்த்து, அந்த நாட்களில் மட்டுமாவது இன்னொருத்தியிடம் விட்டுவிடுங்கள்.

குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை பாவிப்பவர்களுக்கு ஒரு சொல். தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் கோடுகள், பார்வையில் ஓட்டை, ஒரு பக்கக் கை விறைப்பு ஆகியவை வருவதுண்டு என்றால் அதை மிட்வைஃபிடமும் டொக்டரிடமும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரஜன் கலந்த மாத்திரை அப்படிப்பட்டவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும். வேறு முறைகள் இருக்கின்றன.

முதல் நாள்

முதல் நாளிலேயே, அதுவும் வயிற்றுவலி உச்சத்துக்கு ஏறும் நேரத்தில், கண் இருட்டி விழுகிறவர்கள் இன்னொரு வகை. காலைக் கூட்டத்தில் வரிசையில் நிற்கும்போது சரிந்து விழுகிற மாணவிகளில் பலர் இந்த இனம். கர்ப்பப்பை தன் உட்சுவரைக் கழற்றும்போது புரொஸ்டாகிளாண்டின் என்ற இரசாயனத்தைச் சுரக்கிறது. வயிறு பிசைவது அதனால். சிலருக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வருவதும் அதனாலேயே. வலி கடுமையாகும்போது ஒரு நரம்பு வழியாக இதயத்துக்கு “மெதுவாகு” என்று செய்தி போகிறது. துடிப்பு குறைகிறது, குழாய்கள் விரிகின்றன, மூளைக்குப் போகும் இரத்தம் சில வினாடிகளுக்குக் குறைந்து ஆள் விழுகிறாள். படுத்தவுடன் தெளிவாள். இந்த மயக்கத்தில் ஆபத்து பெரும்பாலும் விழுகிற இடத்தில்தான் இருக்கிறது: சீமெந்துத் தரை, கிணற்றுக் கட்டு, அடுப்பு, மிளகு பறிக்கச் சாத்திய ஏணி. முதல் நாளில் ஏணி ஏறாதீர்கள், ஸ்கூட்டி ஓட்டாதீர்கள்.

கழிவறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். குந்தும் கழிவறையில் சில நிமிடம் இருந்துவிட்டு எழும்பும்போது இரத்தம் முழுக்கக் காலுக்கு இறங்கும். வயிற்றுவலியும் முக்கலும் அதோடு சேர்ந்தால் நல்ல திடமான பெண்ணுக்கும் கண் இருட்டும். சுவரில் ஒரு கையை ஊன்றுங்கள், பாதி எழும்பி முழங்காலில் கை வைத்துக் குனிந்தபடி பத்து வரை எண்ணுங்கள், பிறகு நிமிருங்கள். அந்த நாட்களில் தாழ்ப்பாள் போடாமல், வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது நல்லது. பூட்டிய கதவுக்குப் பின்னால் விழுந்தவளைத் தூக்குவது எளிதல்ல.

வலியை அடக்கினால் இந்த மயக்கமும் அடங்கும். மெஃபனமிக் அமிலம், ஐபூபுரோஃபென் போன்ற மாத்திரைகள் புரொஸ்டாகிளாண்டின் சுரப்பையே குறைக்கின்றன. அதனால் வலி உச்சிக்கு ஏறியபின் போடுவதைவிட, லேசாகத் தொடங்கும்போதே சாப்பாட்டுக்குப் பின் போடுவதுதான் பலன் தரும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் கேட்காமல் போட வேண்டாம். அடிவயிற்றில் சுடுதண்ணீர்ப் போத்தல் வைப்பது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உடம்பு முழுக்கக் கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணீரில் குளிக்காதீர்கள். குழாய்கள் இன்னும் விரிந்து மயக்கத்தைக் கூட்டும்.

வாந்தியும் வயிற்றோட்டமும் இருந்தால் ஜீவனிப் பொடியைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அது கைவசம் இல்லையென்றால் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர், தம்பிலி, கஞ்சித் தண்ணீர். “அந்த நாள்ல தம்பிலி குளிர், குடிக்கப்படாது” என்று பெரியவர்கள் தடுப்பார்கள். சண்டை போட வேண்டாம். கஞ்சியைக் குடியுங்கள், உப்புப் போட்டு. தண்ணீர் உள்ளே போனால் சரி.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கண்டி மாவட்டம் டெங்கு அதிகமுள்ள மாவட்டங்களில் ஒன்று. காய்ச்சல் இருக்கும்போது மாதவிடாயும் வந்தால், வயிற்றுவலிக்கு வழக்கமாகப் போடுகிற மெஃபனமிக் அமிலமும் ஐபூபுரோஃபெனும் அஸ்பிரினும் வேண்டவே வேண்டாம். டெங்குவில் அவை இரத்தக் கசிவை மோசமாக்கும். பரசிட்டமோல் மட்டும், அதுவும் சரியான அளவில். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். காய்ச்சல் விட்டதும் “சுகமாகிவிட்டது” என்று எழும்பி நடக்கும்போது தலை சுற்றினால் அது சுகத்தின் அடையாளம் அல்ல. குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும் ஆபத்தான கட்டம் அதுதான். உதிரம் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போனால், வீட்டில் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு.

நடு நாட்களும் நின்ற பிறகும்

புள்ளிகள் மூன்றாம் நான்காம் நாளில் கூடி, உதிரம் நின்ற பிறகும் ஒரு வாரம் தொடர்ந்தால், மாடிப்படி ஏற மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், கண்ணின் கீழ்மடலை இழுத்துப் பார்க்கும்போது வெளிறி இருந்தால், இரத்தம் போதவில்லை. இந்தப் புத்தகத்தை வாசிப்பவர்களில் அதிகம் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம், ஆகவே இதில் கொஞ்சம் நிற்போம்.

ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலீற்றர் இரத்தம் போகிறது, அதாவது இரண்டு மூன்று மேசைக்கரண்டி. 80க்கு மேல் போனால் அதிகம். யாரும் கரண்டியால் அளக்க மாட்டார்கள் என்பதால் வேறு அடையாளங்களைப் பாருங்கள்: ஒரு மணித்தியாலத்துக்கோ இரண்டுக்கோ ஒரு பேட் நனைந்து மாற்ற வேண்டியிருப்பது, இரவில் எழும்பி மாற்றுவது, பேட்டைத் தாண்டிப் படுக்கை விரிப்பில் கறை, பெரிய நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள், ஏழு நாளைத் தாண்டுவது. “ஒரு நாளைக்கு எத்தனை பேட்?” என்ற கேள்வி மட்டும் இங்கே ஏமாற்றும். பேட் விலை கூடிய நாடு இது. 2018 வரை இறக்குமதிப் பேட்டுகளுக்கு நூறு வீதத்துக்கு மேல் வரி இருந்தது. காசை மிச்சம் பிடிக்க ஒன்றையே காலை முதல் பின்னேரம் வரை வைத்திருப்பவள் “மூணுதான்” என்பாள், டொக்டரும் சரி என்று எழுதிக்கொள்வார். எத்தனை என்பதோடு எவ்வளவு நனைந்தது என்பதையும் சொல்லுங்கள்.

ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 போனால் 40 மில்லிகிராம் போயிற்று. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளில் உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், அதில் ஒன்று அன்றாடச் செலவுக்கே போய்விடும். கணக்கு இடிக்கிறதல்லவா? மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் ஏறி, இரண்டு மூன்று வருடத்தில் தலை சுற்றாக வெளியே வருகிறது.

பரிசோதனையில் இரண்டு எண் வேண்டும். ஹீமோகுளோபின், கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் இரத்தசோகை. மற்றது ஃபெரிட்டின், 15க்குக் குறைந்தால் இரும்புச் சேமிப்பு காலி. ஹீமோகுளோபின் அடுப்பிலுள்ள சோற்றுப் பானை என்றால் ஃபெரிட்டின் சாமான் அறையிலுள்ள அரிசி மூட்டை. மூட்டை காலியான பிறகும் சில நாள் பானை நிறைந்திருக்கும். “உங்களுக்கு இரத்தம் 12.2, ஒன்றுமில்லை” என்று திருப்பி அனுப்பப்பட்டும் சோர்வும் தலை சுற்றும் போகாத பெண்கள் இதைத்தான் கேட்க வேண்டும்: “ஃபெரிட்டினும் பார்க்கலாமா டொக்டர்?” சிறிய ஆய்வுகூடத்தில் வசதி இல்லையென்றால் வெளியே எடுக்க எழுதித் தருவார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் மேசையில் இரும்பு இல்லை என்று சொல்ல முடியாது. பயறு, கடலை, கௌபி, முருங்கை இலை, நெத்தலி, மாசி, மாட்டிறைச்சி, ஈரல் எல்லாம் இருக்கிறது. கெடுப்பது சோற்றுக் கோப்பையைக் கழுவுமுன் வந்து நிற்கும் பிளேன்டீ. தேயிலையிலுள்ள துவர்ப்பு, மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாமல் செய்துவிடுகிறது. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பை தேநீர் அந்த இரும்பில் பாதிக்கு மேல் வீணாக்கக்கூடும். கண்டியில் இருந்துகொண்டு தேநீரை விடச் சொல்லும் துணிவு எனக்கில்லை. நேரத்தை மாற்றினால் போதும்: சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் இரும்பு சேரும் என்று நம்பித் தப்பிக்கவும் வேண்டாம். அதிலுள்ள இரும்பையும் சேர்த்தே தேநீர் பிடிக்கும். தேசிக்காய் இதற்கு நேரெதிர் வேலை செய்கிறது. வல்லாரைச் சம்பலில் தேசிக்காய் பிழிகிற நம் வழக்கம் உருசிக்கு மட்டுமல்ல, அந்தப் புளியிலுள்ள விட்டமின் சி கீரை, பருப்பு இரும்பை உள்ளே ஏற்றிவிடும். சோற்றுக்குப் பின் பிளேன்டீக்குப் பதிலாக ஒரு கொய்யாப்பழம், முடிந்தால்.

பெரியபிள்ளையான வீட்டில் முதல் மாதம் முட்டையும் உளுந்தும் நல்லெண்ணெயுமாக ஊட்டுகிறார்கள். அந்தக் கவனிப்பு அந்த ஒரு மாதத்தோடு முடிந்துவிடுகிறது. பிறகு இறைச்சித் துண்டு ஆண்பிள்ளைகளின் கோப்பைக்கே முதலில் போகிறது. இரும்பு அதிகம் தேவைப்படுவது யாருக்கு என்று கேட்டால், மாதாமாதம் இழக்கிறவளுக்குத்தான்.

சோகை வந்துவிட்டால் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். பாடசாலையில் வாராவாரம் கொடுக்கும் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையைப் பிள்ளை மேசைக்கு அடியில் போட்டுவிட்டு வருகிறாளா என்று கேட்டுப் பாருங்கள். பலர் போட்டுவிடுகிறார்கள், வயிற்றைப் பிரட்டுகிறதாம். வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும் என்பது உண்மை. ஆனால் பிரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, தேசிக்காய்த் தண்ணீரோடு போடலாம். தேநீரோடும் பாலோடும் கல்சியம் மாத்திரையோடும் வேண்டாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டாலும் உடம்பு நன்றாக உறிஞ்சுகிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. தினமும் போட முடியாதவர்கள் நிறுத்திவிடாமல் இதை டொக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியாகிவிட்டது என்று உடனே நிறுத்தவும் வேண்டாம். மூட்டை நிறைய இன்னும் மூன்று மாதம் வேண்டும். மாத்திரையைச் சிறு பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பு என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கிய குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

இரும்பை ஊற்றிக்கொண்டே இருந்தும் ஓட்டை அடைபடவில்லை என்றால் என்ன பயன்? உதிரம் ஏன் அதிகம் போகிறது என்றும் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்ட் கட்டி, தைராய்டு குறைவு, நாற்பதைத் தாண்டியபின் ஹோர்மோன் தடுமாற்றம் ஆகியவை வழக்கமான காரணங்கள். செம்பு லூப் போட்டபின் உதிரம் கூடிய பெண்கள் அதைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்கிறார்கள். மிட்வைஃபிடமே போய்ச் சொல்லுங்கள், வேறு முறைக்கு மாறலாம். பெரியபிள்ளையான நாளிலிருந்தே வெள்ளமாகப் போகிறவள், பல்லு கழற்றினாலும் இரத்தம் நிற்காதவள், சும்மா தட்டினாலே நீலம் பாய்கிறவள் என்றால் இரத்தம் உறையும் தன்மையைப் பரிசோதிக்க வேண்டும். உதிரத்தைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு, டொக்டர் எழுதினால் மட்டும்.

குருணாகல் பக்கத்து விஷயம் ஒன்று

இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் 10, 11ஐத் தாண்டவில்லை, இரத்த ரிப்போட்டில் சிவப்பணுக்கள் சிறியவை என்று வந்திருக்கிறது. இப்படியானால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவியாக இருக்கலாம். குருணாகல் மாவட்டத்தில் இது பரவலாக உண்டு. நாட்டின் முக்கிய தலசீமியா சிகிச்சை நிலையமே குருணாகல் போதனா வைத்தியசாலையில் இருக்கிறது. கலகெதரவோ அந்த மாவட்டத்தின் வாசலில், பெண் எடுப்பதும் கொடுப்பதும் அந்தப் பக்கத்தோடுதான். காவிகள் நோயாளிகள் அல்லர், சாதாரணமாக வாழ்வார்கள். ஆனால் இரும்பு குறையாதவருக்கு வருடக்கணக்கில் இரும்பு கொடுப்பதில் நன்மை இல்லை. இரண்டு காவிகள் கலியாணம் முடித்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டிய பிள்ளை பிறக்க. ஜாதகமோ சீதனமோ பேசுமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது மலிவு. தலைச்சுற்றைத் தேடிப் போன இடத்தில் இது கண்டுபிடிபடுவது உண்டு என்பதால் இங்கே எழுதினேன்.

நாட்காட்டியோடு ஒட்டாத சுற்று

புள்ளிகள் மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் மாதவிடாயின் மேல் பழி போடாதீர்கள். படுக்கையில் புரளும்போதும், மேல் தட்டிலிருந்து சாமான் எடுக்க அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக உலகம் சுழன்று நின்றால் அது காதின் உள்ளே இடம் மாறிய நுண்கற்கள். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்க வைத்து டொக்டர் சில நிமிடத்தில் சரிசெய்யலாம். காது இரைச்சலும் கேள்விக் குறைவும் சேர்ந்தால் காது மூக்கு தொண்டை கிளினிக்.

வரவேண்டிய மாதவிடாய் வரவில்லை, தலை சுற்றுகிறது என்றால் கர்ப்பப் பரிசோதனைதான் முதலில். அந்த நிலையில் அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலித்து, தோள்பட்டை நோக எடுத்து, கொஞ்சம் உதிரமும் பட்டு, மயக்கம் வந்தால், கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம். அது உயிர் போகிற காரியம். “கலியாணம் முடிக்காத புள்ளைக்கு என்ன கர்ப்பம்” என்று வாதாடிக்கொண்டு நிற்கிற நேரம் அதுவல்ல.

நோன்பு மாதம்

ஹைளு நாட்களில் நோன்பு கிடையாது, விட்டதைப் பிறகு களாவாகப் பிடித்துக்கொள்ளலாம். மார்க்கம் இவ்வளவு தெளிவாக இருந்தும், நானாவும் தம்பியும் இருக்கிற வீட்டில் பகலில் சாப்பிட வெட்கப்பட்டு, ஸஹரில் எல்லாரோடும் எழும்பிச் சாப்பிட்டு, இப்தார் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நடக்கும் பிள்ளைகள் நிறைய. உதிரமும் போய், தண்ணீரும் இல்லாமல், வெயிலில் பாடசாலைக்கும் போனால் விழாமல் என்ன செய்வாள்? இதில் திருந்த வேண்டியவள் பிள்ளை அல்ல, வீடு. உம்மா அறைக்குள் ஒரு போத்தல் தண்ணீரும் பேரீச்சம்பழமும் மூடிய கோப்பையில் சோறும் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வரலாம். வாப்பாவும் நானாவும் கேள்வி கேட்காமல் இருக்கப் பழகலாம். களா நோன்பை உதிரம் நின்ற மறுநாளே தொடங்க வேண்டும் என்ற அவசரமும் இல்லை. சோகை உள்ளவள் ஒரு வாரம் தேறிவிட்டுப் பிடிக்கட்டும்.

எங்கே போவது

முதல் வாசல் உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தர், அதாவது நம் மிட்வைஃப் மிஸ். கர்ப்பிணிகளுக்குத்தான் அவர் என்று நினைக்காதீர்கள். சோகை, லூப், மாதவிடாய்க் கோளாறு எதையும் அவரிடம் சொல்லலாம், சரியான கிளினிக் நாளை அவர் சொல்வார். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 1996இல் தொடங்கிய திட்டம், இலவசம். அங்கே இரத்த அழுத்தம், சீனி பார்ப்பதோடு கர்ப்பப்பைக் கழுத்தையும் மார்பையும் பரிசோதிப்பார்கள். கலகெதர அரசாங்க ஆஸ்பத்திரி ஓபீடிக்கு நாட்காட்டிக் குறிப்பையும், போடுகிற மாத்திரைகள் எல்லாவற்றின் அட்டையையும், பழைய இரத்த ரிப்போட்டையும் கொண்டுபோங்கள். அங்கிருந்து தேவைப்பட்டால் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ துண்டு தருவார்கள். டொக்டர் சிங்களத்தில் கேட்டு உங்களுக்குச் சொல்ல வராவிட்டால் இரண்டு வசனம் உதவும்: சுழல்வதற்கு “ஒலுவ கெரகெனவா”, விழப்போவதற்கு “கிலாந்தெ வகே”. அவர் செய்யும் சிகிச்சை இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்து மாறும்.

கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாதவை: ஒரு மணிக்கு ஒரு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நனைவது, படுத்தும் தெளியாத மயக்கம், விழும்போது நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ, வலிப்பு, முகம் கோணல், பேச்சுக் குழறல், கை கால் ஒரு பக்கம் விறைப்பு, வாழ்நாளில் வராத அளவு தலைவலி, கர்ப்பச் சந்தேகத்தோடு வயிற்றுவலி. 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. வீட்டு இலக்கத்தோடு பக்கத்துப் பள்ளிவாசலோ பாடசாலையோ பன்சலையோ எது என்று சொல்லுங்கள். ஒழுங்கைகளில் வாகனம் தடுமாறும், ஆகவே பிரதான வீதிச் சந்தியில் ஒருவரை நிறுத்துங்கள்.

அம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருப்பவர்களுக்கு: அவளை நிமிர்த்தி உட்கார வைக்காதீர்கள், கதிரையில் தூக்கி வைக்காதீர்கள், முகத்தில் வாளித் தண்ணீர் ஊற்றாதீர்கள், நினைவு வருமுன் வாயில் எதையும் ஊட்டாதீர்கள். மூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்துப் பின்னையும் முந்தானை ஊசியையும் தளர்த்தி, காலை உயர்த்தி வையுங்கள். வாந்தி எடுத்தால் ஒரு பக்கமாகத் திருப்புங்கள். வேடிக்கை பார்க்கிற ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு ஒரு பெண் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். அவள் கடைசியாக எந்த நேரம் பேட் மாற்றினாள் என்று தெரிந்தவர் யாரோ, அவரே அம்புலன்ஸில் கூட ஏற வேண்டும்.